மரத்து முக்கு

அவர் இருபத்திரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கடலோரத்துப் பெருநகரம், அதன் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தப் பாலத்தடியில் மழைத்தண்ணீர் எத்தனை நேரம் நிற்கும், எந்தப் பள்ளிக்கூடம் விட்டால் எந்தத் தெரு அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. போனில் யாராவது பதறிக்கொண்டு வழி சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வெட்டிவிடுவார். "புரிஞ்சுது, போனை வைங்க, வந்துட்டேன்." சொன்னபடி வந்தும்விடுவார். அந்த வார்த்தையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்து மூன்று வயதில் மூட்டை முடிச்சைக் கட்டியதற்குக் காரணம் மனைவியின் மூச்சு. ஒன்பது வருஷமாக அந்த அம்மாள் படுத்துத் தூங்கியதில்லை. சுவரோரம் மூன்று தலையணையை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். நெஞ்சு இழுக்கும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். ஊரார் உயிருக்கெல்லாம் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர் வீட்டில் இந்தக் கூத்து. கடைசியில் ஒருநாள் டாக்டர் மருந்துச்சீட்டு எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மருந்தை மாத்திக்கிட்டே போறதுல அர்த்தமில்ல. முடிஞ்சா காத்தை மாத்துங்க."

மாற்றல் கேட்டு எழுதினார். கிடைத்த ஊர் ஒரு ராத்திரி ரயில் பயணத்துக்கு அப்பால், மேட்டு நிலத்தில், கடல் என்றால் படத்தில் மட்டும் பார்த்த ஜனங்களுக்கு நடுவே இருந்தது. இருபது படுக்கை ஆஸ்பத்திரி, ஒரே ஒரு ஆம்புலன்ஸ். விதைக்கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. பத்தொன்பது படி ஏற வேண்டும். முதல் நாள் அந்த அம்மாள் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே வந்தார்.

ஊருக்கு அவர் வேடிக்கையாகத்தான் இருந்தார். முதல் வாரம் பழக்கதோஷத்தில் சைரனை அலறவிட்டுக்கொண்டு போனார். கோழிகள் தெறித்து ஓடின, கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். உடன் வந்த நர்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, யாரை ஒதுங்கச் சொல்றீங்க? ரோட்டுல நாம மட்டும்தான் இருக்கோம்."

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'சிட்டி' என்று பெயர் விழுந்தது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நர்ஸிடம் ஊருக்கு ஒரு வரைபடம் போட்டுத் தரச் சொன்னார். கைப்பேசியில் பார்த்தால் அந்த ஊர் நாலு கோடாகத் தெரிந்தது, பெயரே இல்லை. "கையகல ஊருண்ணே, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றாள் அவள். அவருக்கும் அது சரியென்றே பட்டது. அத்தனை பெரிய நகரத்தையே மென்று விழுங்கியவருக்கு இது எம்மாத்திரம்?

மூன்றாவது வாரம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் கதவருகே நின்றுவிட்டார். மனைவி படுத்திருந்தார். தலையணை ஒன்றே ஒன்று. வாய் மூடியிருந்தது, சத்தமே இல்லை. இவர் ஓடிப்போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "என்ன, செத்துட்டேன்னு பாத்தீங்களா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். சந்தோஷத்தில் அழுதது ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. கொத்தனார் ஒருவரின் மனைவி பேசினாள். சாப்பிட்டுவிட்டு எழுந்த கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார், வேர்த்துக் கொட்டுகிறது, நாற்பத்தாறு வயசுதான் ஆகிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள். நர்ஸ் பிரசவ அறையில் இருந்தாள். அவர் தனியாகவே வண்டியை எடுத்தார்.

"மரத்து முக்குல இடது பக்கம் திரும்புங்க. திரும்பினதும்…"

"புரிஞ்சுது, போனை வைங்க, வந்துட்டேன்."

மரத்து முக்கு அவருக்குத் தெரியாமலா? தினமும் பார்க்கிற இடம். கடைத்தெரு முடிகிற முனையில் நாலு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் ஒன்று ரோட்டையே மூடிக்கொண்டு நிற்கிறது. இரண்டே நிமிஷத்தில் அங்கே போய் இடது பக்கம் திரும்பினார். பாதை சரிந்து இறங்கியது. வீடுகள் குறைந்தன. இரண்டு பக்கமும் தோட்டச் சுவர்கள் நெருங்கிவந்து, கடைசியில் ஆற்றங்கரைப் பம்ப் அறையில் போய் முட்டியது. அங்கே ஓர் ஆள்கூட இல்லை. திருப்ப இடமும் இல்லை.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. வந்த தூரம் முழுவதும் வண்டியை ரிவர்ஸிலேயே ஏற்றினார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் விழாத கை, அன்று வண்டியைச் சுவரில் இரண்டு தடவை உரசியது. மேலே வந்ததும் சைக்கிளில் போன ஒருவரை மறித்துக் கேட்டார்.

"மரத்து முக்கு எங்கங்க?"

"பேங்க்குக்கு எதுத்தாப்ல."

"அங்க மரமே இல்லையே."

"அதை வெட்டி பதினெட்டு வருஷம் ஆச்சே."

"அப்ப இந்த மரம்?"

"இது சும்மா மரம்" என்றார் அவர்.

அந்த ஊரின் வழக்கம் அப்படி. இருப்பதை வைத்து அங்கே யாரும் வழி சொல்வதில்லை, போனதை வைத்துத்தான் சொல்வார்கள். எரிந்துபோன சினிமாக் கொட்டகைக்கு இன்னும் ரோடு இருந்தது. தூர்த்துப்போன கிணற்றுக்குச் சந்து இருந்தது. அங்கே பிறந்தவனுக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது. மரமே இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிடுவான்.

நாலு நிமிஷத்துப் பாதைக்குப் பதினேழு நிமிஷம் ஆயிற்று. கொத்தனார் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் சிறிய லாரி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கத்தில் மெத்தை விரித்து, இன்ஜினைக்கூட ஓடவிட்டு வைத்திருந்தார்கள். ஆனால் ஆளை ஏற்றவில்லை. ஆம்புலன்ஸ் வந்துகொண்டே இருக்கிறது, அதில் ஆக்ஸிஜன் இருக்கிறது, குலுங்கக் கூடாது என்று மனைவிதான் தடுத்திருந்தாள். கொத்தனார் கட்டிலில் கிடந்தார். கை விரல்களில் சிமெண்ட் காய்ந்திருந்தது. டிரைவர் அவர் நெஞ்சை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். மூச்சு வரவில்லை. ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். உள்ளே போன டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

"முன்னாடியே வந்திருந்தாலும் உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"பிழைச்சிருக்க மாட்டார்னு சொல்ல முடியாதா, பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாதா?"

"ரெண்டுமே."

விசாரணை என்று ஒன்று நடந்தது. 'புதிய ஓட்டுநர், வழி பழக்கமில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். ஊரிலும் ஒருவர்கூட ஏசவில்லை. டீக்கடையில் அவர் போய் நின்றால் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். "ஊருக்குப் புதுசு, அவர் என்ன பண்ணுவார்" என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். யாராவது சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். மன்னித்துவிட்டவர்களிடம் போய் என்ன சண்டை போடுவது?

பொறுக்கமாட்டாமல் இரண்டு வாரம் கழித்து அவரே கொத்தனார் வீட்டுக்குப் போனார். பாதி எழும்பிய சுவர் ஒன்று வாசலில் நின்றது. சொந்த வீட்டுக்கு அந்த மனிதர் ஓய்வுநாளில் கட்டிக்கொண்டிருந்த அறை. அவள் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நான் கேட்டிருக்கணும்மா" என்றார் அவர். "எந்த மரம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நீ சொல்லிக்கிட்டு இருக்கும்போதே வெட்டிட்டேன். திரும்பினதும்னு என்னமோ சொல்ல வந்தியே, அது என்னம்மா?"

"திரும்பினதும் பேங்க் கண்ணுல படும்னு சொல்ல வந்தேண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்களைச் சொல்லி என்னண்ணே. லாரியில ஏத்துன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னு மறிச்சுக்கிட்டு நின்னேன். என் வாயால வேணாம்னேன்."

"நான் வர்றேன்னு சொன்னதாலதானேம்மா."

"இருந்தாலும் நான்தானே சொன்னேன்."

அவர் எவ்வளவு சொல்லியும் அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன மனிதர், தன்னால் அந்தப் பெண்ணும் குற்றவாளியாகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அது முன்னதைவிடப் பெரிய பாரமாக இருந்தது. புறப்படும்போது அவள், "அக்காவுக்கு இப்ப மூச்சு தேவலையா?" என்று வேறு விசாரித்தாள். அவரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

அன்றே மாற்றல் கேட்டு மறுபடியும் ஒரு மனு எழுதினார். நகரத்துக்கே திரும்பிவிட வேண்டும். அங்கே அவர் கைக்கு வழி தெரியும், அங்கே அவர் ஒருவரையும் சாகவிட்டதில்லை. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி கையில் கனத்த பையோடு அவருக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தார். பத்தொன்பது படியிலும் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. மேலே போய்த்தான் திரும்பிப் பார்த்தார். கணவன் முகத்தையும் சட்டைப்பையில் துருத்திய காகிதத்தையும் பார்த்தால் போதாதா, முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு?

"போயிடலாம்னு இருக்கீங்களா?"

அவர் காகிதத்தைப் பைக்குள் அழுத்தினார்.

"போறதுன்னா போயிடலாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் பழையபடி உக்காந்தே தூங்கிக்கிறேன்."

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே சொன்னார், அதுதான் தாங்கமுடியாமல் போயிற்று. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருத்தியின் மூச்சுக்காக வந்த இடத்தில் இன்னொருத்தன் மூச்சைப் போகவிட்டாயிற்று. இப்போது தன் மனசு ஆற வேண்டும் என்பதற்காக அவளை மறுபடி சுவரில் சாய்த்து உட்காரவைப்பதா? மனு தபாலுக்குப் போகவில்லை.

போக முடியாது என்று ஆனபிறகு, அந்த ஊரைப் படிக்க ஆரம்பித்தார். வேலையில்லாத மத்தியானங்களில் தெருத்தெருவாக நடந்தார். எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "இங்க முன்னாடி என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டார். இடிந்த மில், மூடிப்போன தபாலாபீஸ், ஊரைவிட்டே போன தையற்காரர் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் போனில் அவர் யாரையும் வெட்டுவதில்லை. கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, "நிஜ மரமா, பேர் மரமா?" என்று திருப்பிக் கேட்பார். சிட்டியிடம் வழி சொல்வது பரீட்சை எழுதுவது மாதிரி என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார். கொத்தனார் வீட்டுத் தெருவழியாக மட்டும் வேலை இல்லாமல் அவர் போனதில்லை.

ஒரு வருஷம் ஓடிப்போனது. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஓர் ஆண்குரல் போனில் வந்தது. அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது, சீக்கிரம் வரவேண்டும் என்றது. வெளியூரில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊருக்குத் திரும்பியவன் அவன். யாரிடம் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

"எங்கப்பா வரணும்? நிதானமா, முழுசா சொல்லு."

"ஆம்புலன்ஸ் வழி தப்பிப்போன முக்கு தெரியுங்களா? கடைத்தெரு கடைசியில. அதுல இடது பக்கம் இறங்கினா ரெண்டாவது வீடு."

அவர் கையில் போன் அப்படியே நின்றது. அந்தப் பெரிய மரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஊர் அதை ஒருநாளும் சட்டை செய்ததில்லை. இத்தனை காலம் பெயரில்லாமல் கிடந்த அந்த முனைக்கு, இப்போது பெயர் கிடைத்திருக்கிறது.

"சார், லைன்ல இருக்கீங்களா? அந்த முக்கு தெரியுமா?"

"தெரியும்ப்பா" என்றார்.

மூன்று நிமிஷத்தில் போய் நின்றார். அந்த அம்மாளைத் தூக்கி ஏற்றி, ஆக்ஸிஜனை முகத்தில் பொருத்தி, மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அரைமணி நேரத்தில் அந்த அம்மாளுக்கு மூச்சு சீரானது. நர்ஸ் நோட்டைத் திறந்தாள். நோயாளியின் பெயர், வயசு எல்லாம் எழுதிவிட்டுக் கேட்டாள்.

"எங்கேருந்து ஏத்தினீங்கண்ணே?"

அவர் சொன்னார். பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்காமலே, "ஆத்துப் பாதைன்னு எழுதிக்கிறேண்ணே" என்றாள்.

"ஆத்துப் பாதைன்னு யாரு சொல்றா? எனக்கப்புறம் ஒருத்தன் புதுசா வருவான். இந்த நோட்டைப் பாத்துத்தான் ஊரைத் தெரிஞ்சுக்குவான். ஊர் சொல்ற மாதிரியே எழுதும்மா."

அவள் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.