மட்டக்குதிரைக்கு மாதாமாதம் பூச்சி மருந்து

அறுபதுகளின் நடுவில் நான் மாத்தளையில் அரசாங்க மிருக வைத்தியர். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். மாடு கொண்டுவருகிறவர்கள் மாட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். நானும் லேசில் வாய் திறக்கிற ஆள் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே படுத்துவிடுவேன்.

லக்கலப் பக்கத்துக் கிராமங்களுக்கு மண்ணெண்ணெயும் கருவாடும் கொண்டுபோய் விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் வந்தார். பஸ் போகாத பாதைகளுக்கு அவரிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதற்குக் குடற்புழு. பூச்சி மருந்துத் தூளைத் தவிட்டிலும் இனிப்பான கித்துள் பாணியிலும் கலந்து கொடுத்தேன். மறுநாள் குதிரையின் சிறுநீர் சிவப்பாகப் போக, மனிதர் பதறியடித்து ஓடிவந்தார். மருந்தின் நிறம்தான் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். பின்னேரம் வரை இருந்து கதைத்தார். போகும்போது, "திரும்ப எப்ப கொண்டு வரணும் டொக்டர்?" என்று கேட்டார்.

ஆறு மாதம் என்று சொல்லியிருக்க வேண்டும். "வாற மாசம்" என்றேன்.

இரண்டு வருடம் மாதம் தவறாமல் வந்தார், வீட்டிலிருந்து எனக்கு இடியப்பமும் இறைச்சிக் கறியும் எடுத்துக்கொண்டு. நானும் அதே தூளையே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தால் அதற்கு மசியாத புழுக்கள்தான் தப்பிப் பெருகும் என்று படித்தவன் நான். படித்ததெல்லாம் அந்தக் கறி வாசனையில் எங்கே போனதோ!

மூன்றாம் வருடம் குதிரை எலும்பும் தோலுமாகிவிட்டது. மருந்து கொடுத்து இரண்டு கிழமை கழித்து அதன் சாணத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். புழு முட்டைகள் கொஞ்சமும் குறையவில்லை. கொழும்புக்கு வேறு மருந்து கேட்டு எழுதினேன். அது வந்துசேர முதல் குதிரை செத்துப்போனது.

அடுத்த மாதம் வழக்கமான நாளில் அவர் நடந்தே வந்தார். தோளில் கருவாட்டு மூட்டை, கையில் எனக்குச் சாப்பாட்டுப் பொதி. வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் மாதாமாதம் வரச் சொன்னேன் என்பது உட்பட.

மூட்டையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே டொக்டர்" என்றார்.

பொதியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் அதன் பிறகு வரவில்லை. மாற்றலாகும் வரை, மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நான் மத்தியானம் சாப்பாட்டுக் கடைக்குப் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.