வாளி கழுவிய நாள்

அன்று பாரிஸில் லா சப்பல் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, பிறந்து மூன்று கிழமையான தங்கச்சி, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான். அப்பா ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவப் போயிருந்தார்.

தங்கச்சியின் முப்பத்தொன்றாம் நாள் கொண்டாட்டத்துக்குத் தானே பியர் காய்ச்சுவதாகச் சித்தப்பா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். முன்பு ஒருமுறை காய்ச்சியது புளித்துப் போயிருந்தது.

"போனமுறை உங்கடை பியரை நான் மீன்குழம்புக்கெல்லோ விட்டனான், தம்பி," என்றாள் அம்மா.

"இந்தமுறை நான் வாளி கழுவுற கழுவிலை புளிப்பு கிட்டவும் வராது அண்ணி."

பியர் ஊறும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் பழைய நாற்றம் இருந்தது. பாரிஸ் தண்ணீரின் சுண்ணாம்பும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாற்றத்துக்கு ஜாவெல் என்கிற வெளுப்புத் தண்ணீர். சுண்ணாம்புக்கு, அம்மா கேத்தல் கழுவும் வினாகிரி. ஒன்றை ஊற்றி நன்றாக அலசிவிட்டு மற்றதை எடுத்திருக்கலாம். இரண்டும் நல்ல சாமான்தானே என்று சித்தப்பா சேர்த்தே ஊற்றிவிட்டார். அதுவும் ஜன்னல் இல்லாத குளியலறையில். பிள்ளைக்கு வாடை அடிக்கக்கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டார்.

இருமல் கேட்டது. பிறகு தவழ்ந்தபடி வெளியே வந்தார். இரண்டும் கலந்து கிளம்பிய நச்சுக்காற்றின் நீச்சல்குள வாடை என் தொண்டையையும் பிடித்தது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். பள்ளியில் சொல்லித் தந்தபடி பொம்பியே என்கிற தீயணைப்புக்காரரை அழைக்க நான் போனை எடுத்தேன். அம்மா பறித்தாள்.

"பொம்பியே வந்தால் பின்னாலை பொலிசும் வரும். பேசாமல் இரு!"

பொலிஸ் பியருக்குத்தான் வரும் என்று நினைத்தேன். ஊரில் வீட்டில் காய்ச்சுகிறவர்களைப் பிடிப்பார்கள் என்று அப்பா கதை சொல்லியிருந்தார். பியருக்கு வாங்கி வைத்திருந்த மோல்ட்டையும் ஈஸ்ட்டையும் அள்ளிக்கொண்டு படியிறங்கி, கீழே குப்பையில் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"எல்லாம் எறிஞ்சிட்டன் அம்மா. இனி பொம்பியேக்குக் கோல் எடுக்கலாம்."

அம்மா போனைத் தரவில்லை. அழுதாள். சித்தப்பா ஜன்னலடியில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். மூச்சு இழுபட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில் தெரிந்த வைத்தியரிடம் கொண்டு போனார்கள். மெத்ரோப் படியில் அவர் நின்று நின்று ஏறுவது அன்றிலிருந்துதான். நானோ இன்றைக்கும் கழுவும் மருந்துப் போத்தல் ஒன்றை மூடி, இடத்தை அலசி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகும் அடுத்த போத்தலைத் தொடப் பயப்படுகிறேன்.

சித்தப்பாவின் அகதி மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. கையில் வதிவிட அனுமதி காட் இல்லை. அது அன்று எனக்குத் தெரியாது. மூச்சுக்குத் தவிக்கிறவனிடம் பொம்பியே காட் கேட்பதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியாது.