பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளையோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும், என் தங்கையிடம் டியூஷன் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு அண்ணனின் வணக்கம். அவள் போய் இன்றோடு ஒரு வருடம். எழுதுகிறேன் என்று பெயரே தவிர, நான் சொல்லச் சொல்ல அவளுடைய மகள்தான் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் திருச்செங்கோட்டிலிருந்து மத்தியப் பிரதேசம் வரைக்கும் போர்வெல் போடுகிற யாரிடம் வேண்டுமானாலும் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

மலரில் 'அவர்' என்றுதான் போடவேண்டும் மாமா என்று தங்கை மகள், என் மருமகள், சொல்லிப் பார்த்தாள். மரியாதை எனக்கும் தெரியும். இடுப்பில் வைத்து வளர்த்தவளை அவர் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அவள்தான்.

போன வருடம் அவளை எடுத்த அன்று ஒரு காரியம் பாதியில் நின்றுபோனது. அதை இன்று முடித்தாக வேண்டும். அதற்கு உங்கள் எல்லோருடைய தயவும் தேவை. என்ன காரியம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவள் யார் என்று சொல்லவேண்டும். அவளோடு பழகியவர்களில் பாதிப் பேருக்கு அவள் யார் என்றே தெரியாது.

ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில், மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற மேட்டுக்காட்டில் பிறந்தோம். அம்மா போனபோது தங்கைக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போர்க்குழி போடுகிற ரிக் வண்டியில் ராடு தூக்கப் போனேன். ராடு தூக்கியவன் டிரில்லர் ஆனேன், டிரில்லர் முதலாளி ஆனேன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. நாமக்கல்லில் ஹாஸ்டலில் சேர்த்து, எங்கள் ஊரிலேயே முதல் பெண்ணாக அவளை இங்கிலீஷ் பி.ஏ. படிக்க வைத்தேன். இதை நான் சபையில் சொல்லிக்கொள்வேன், வெட்கமில்லை.

ஹாஸ்டலில் அவளோடு ஓர் ஏற்காட்டுப் பெண் தங்கியிருந்தாள். அந்தப் பெண்ணிடமிருந்துதான் இரண்டு பழக்கமும் ஒட்டிக்கொண்டன. ஒன்று, வெள்ளைக்காரர்கள் கிடார் வைத்துக்கொண்டு பாடுகிற ராக் பாட்டு. இன்னொன்று, அந்தக் காலத்து இங்கிலீஷ் காதல் நாவல்கள். பெண்பிள்ளை கெட்டுப்போகப் போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். என் காதுபடப் பேசவில்லை. பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

ரிக் வண்டி வெளிமாநிலம் போனால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். திரும்பும்போது ஆளாளுக்கு வீட்டுக்கு ஏதாவது வாங்கி வருவோம். மற்றவர்கள் சேலை, ஸ்வெட்டர், பித்தளைக் குடம் வாங்கினார்கள். நான் பழைய புத்தகம் வாங்கினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதனால் தங்கை அடையாளம் சொல்லி அனுப்புவாள். அட்டையில் நீளப் பாவாடை கட்டிய பெண் நிற்கவேண்டும், பின்னால் பெரிய வீடு, மேலே மழை மேகம். ஹைதராபாத்தில் ஒரு தடவை மூன்றும் இருக்கிற தடிப்புத்தகமாகப் பார்த்து வாங்கி வந்தேன். அது கவுன் தைப்பது எப்படி என்கிற தையல் புத்தகம். அவள் அதையும் வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அந்த வருடத் தீபாவளிக்கு வெள்ளைக்கார ராணிகள் போல் பஃப் கை வைத்த கவுன் கிடைத்தது.

மழை பெய்கிற மத்தியானங்களில் நான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பேன். ஓட்டின் மேல் மழை விழும் சத்தம். அவள் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, படித்த கதையைத் தமிழில் சொல்லுவாள். அந்தக் கதைகளில் எப்போதும் பனி மூட்டமாகவே இருக்கும். எனக்குப் பனி என்றதும் போர்க்குழியிலிருந்து எழும்புகிற வெண்புழுதிதான் கண்ணில் வரும். புழுதிக்கு நடுவே ஒரு பெண் நடந்து வருகிறாள், பெரிய வீட்டுக்காரன் குதிரையில் எதிரே வருகிறான், இரண்டு பேரும் பேசாமல் தாண்டிப் போகிறார்கள். அரைத் தூக்கத்தில் அந்தக் குதிரைச் சத்தம் எனக்கு நிஜமாகவே கேட்கும். கண்ணை விழித்தால் ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

அவர்கள் பேசாமல் போவதுதான் எனக்குப் பொறுக்காது.

"ஒரு வார்த்த வாயத் தொறந்து கேட்டா முடிஞ்சு போச்சு. இதுக்கு முன்னூறு பக்கமா அம்மிணி?"

"நீங்க குழிக்குப் பக்கத்துல நாளெல்லாம் நிக்கறீங்களே, அதுக்கு என்னங்ணா?"

"அது தண்ணி வருமான்னு."

"இதும் அதுக்குத்தானுங்ணா."

அன்றைக்குப் பிறகு நான் நடுவில் பேசியதில்லை. ஆனால் பெண்ணின் மாமன் யாராவது மட்டமாக நடந்துகொண்டால் மட்டும் திட்டுவேன். நல்ல குடும்பத்தில் பெண் எடுக்காமல் இப்படிச் சொத்தைப் பார்த்து எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவாள்.

பாட்டுக் கதை வேறு. ஒருமுறை அவள் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிப் பெங்களூரில் ஒரு கேசட் வாங்கினேன். வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். கொஞ்ச தூரத்தில் டிரைவர் ஓரம் கட்டினார். "முதலாளி, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுங்க. கர்ர்ருங்குது" என்றார். இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவன் நான். நானும் காதை வைத்துக் கேட்டுவிட்டு ஆமாம், கிழிந்துதான் போச்சு என்றேன். தும்கூரில் புது ஸ்பீக்கர் போட்டோம். அதிலும் கர்ர். அப்படியானால் கேசட்தான் கோளாறு என்று அடுத்த சவாரியில் அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பாவம், அதே கேசட் இருக்கிறதையெல்லாம் பிரித்துப் போட்டுக் காட்டினார். எல்லாமே கிழிந்திருந்தது. மொத்த லாட்டும் மோசம், கம்பெனிக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரிப்பேர் இல்லீங்ணா. வேணும்னேதான் அப்படி வாசிக்கறாங்க" என்றாள். எதற்கு வேண்டுமென்றே கிழிந்த மாதிரி வாசிக்கவேண்டும் என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நல்லா இருக்கறவன் மாதிரியே எல்லாரும் பாடுனா, நல்லா இல்லாதவன் எதைக் கேப்பானுங்ணா?"

பிறகுதான் எனக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்தாள். மேலே கத்துகிறவனை விடுங்கள், அடியில் தடித்த கம்பியில் ஒருவன் மெதுவாக வாசிக்கிறான், அவனைப் பிடியுங்கள் என்பாள். பிடித்தேன். பிடித்த பிறகு எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. குழியில் ஹேமர் இறங்கும்போது மேலே கம்ப்ரசர் காட்டுக்கத்தல் கத்தும். வேலை தெரிந்தவன் அதைக் கேட்கமாட்டான். குழிக்குள் விழுகிற அடியைத்தான் கேட்பான். பாறை மாறினால் அந்த அடி மாறும். தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குழைவு வரும் பாருங்கள், அதே குழைவு அந்தக் கிடாரிலும் வந்தது. வாழ்நாளெல்லாம் நான் இந்தப் பாட்டுக்குள்தான் நின்றிருக்கிறேன், தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அவளுக்கு எல்லாவற்றிலும் மேலான பாட்டு ஒன்று உண்டு. நம் பாட்டு மூன்று முடிகிற நேரம் அது ஒன்றுக்கே ஆகும். ஆரம்பத்தில் ஒன்றுமே கேட்காது. தூரத்தில் யாரோ விரலால் கம்பியைத் தொடுகிற மாதிரி இருக்கும். மெல்ல மெல்ல ஏறும். ஏறி, கிழிந்து, ஊரையே தூக்கும். பிறகு எல்லாம் ஓய்ந்து, முதலில் தொட்ட விரல் மட்டும் மறுபடி வரும். ஆயுத பூசை அன்று வண்டிகளுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து முடித்ததும் ரிக் ஷெட்டில் அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நிற்பாள். பையன்கள் பொரியைக்கூட மெல்லாமல் நிற்பார்கள்.

மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். காப்பி கொடுத்துவிட்டு அவள் சபையிலேயே கேட்டாள், உங்கள் வீட்டில் நான் சத்தமாகப் பாட்டுக் கேட்கலாமா என்று. பெரியவர்கள் முகம் சுருங்கிப் போனது. மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி, "எங்க ஊட்டுக்குப் பக்கத்துலயே ஆலை ஓடுதுங்க. சத்தமா வெச்சாத்தான் கேக்கும்" என்றார். முன்னூறு பக்கம் ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே கதை முடிந்தது.

மோகனூரில் ஆற்றைப் பார்த்த வீடு. அங்கே அவள் வாழ்ந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்குச் சோறும் போட்டு இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தாள். வியாதி வந்த பிறகும் விடவில்லை. கை நடுங்க ஆரம்பித்தபோது மாப்பிள்ளை அருகில் உட்கார்ந்து புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைப் புகை ஆற்றின் மேல் படர்ந்து நிற்கும். அதைக் காட்டி, நம்ம ஊருக்கும் பனி வந்திருச்சு பாருங்ணா என்பாள்.

கடைசியாக நான் பார்க்கப் போயிருந்தபோது பக்கத்தில் கூப்பிட்டாள். "என்னை எடுக்கறப்ப கொட்டு அடிக்கட்டும், வேண்டாங்கல. ஆனா அந்தப் பாட்ட ஒருக்கா முழுசாப் போடுங்ணா. பாதில நிறுத்திறாதீங்க. கடைசி வெரல் வந்தாத்தான் அது பாட்டு." சரி சாமி என்றேன். நான் புறப்படும்போது வழக்கமாக நான் சொல்கிற "வாரேன்" என்பதை அவள் சொன்னாள்.

நான் ஒரு வாக்குக் கொடுத்தால் அது நடக்கும். அன்று வாசலில் மைக் செட் கட்டச் சொல்லி, பாட்டைப் போடச் சொல்லியாகிவிட்டது. ஆரம்பம் கேட்கவில்லை. செட் ஓடவில்லை என்று நினைத்த மைக் செட்காரர் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தார். நான் உள்ளே பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் மேல் போர்த்திக்கொண்டிருந்தேன். பாட்டு ஏறிக் கிழிகிற இடம் வந்ததும் வாசலே அதிர்ந்தது. உடனே நின்றது. மைக் செட்காரர் ஓடிவந்து, "ஐயா, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுங்க, வேற கொண்டாரேன்" என்றார். அவர் கொண்டுவருவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. தும்கூரில் நான் செய்ததைத்தான் அவரும் செய்தார். அவள் கேட்டிருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள். ஆனாலும் இந்த ஒரு வருடமாக, எந்தக் குழியின் பக்கத்தில் நின்றாலும் எனக்கு அந்தப் பாட்டு கிழிகிற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு மேல் போக மறுக்கிறது.

அவளைப் பிள்ளை போல் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த மருமகளுக்கும், ரத்தம் கொடுத்த என் ரிக் பையன்களுக்கும், முறை வைத்துச் சமைத்து அனுப்பிய மோகனூர் அக்கம்பக்கத்துக்கும் நான் கடன்பட்டவன். யாரிடமும் கைகூப்பாதவன் இங்கே கைகூப்புகிறேன். அதே மைக் செட்காரர் போன வாரம் ஷெட்டுக்கு வந்து அந்தப் பாட்டை என்னோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். "எங்க கிழியோணும்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டேனுங்க" என்றார். அவருக்கும் நன்றி.

இன்று சாப்பாடு முடிந்ததும் இதே வாசலில் அவர் அந்தப் பாட்டைப் போடுவார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அப்படியே உட்காருங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. செட் ஓடவில்லை என்று எழுந்துவிடாதீர்கள். பிறகு கிழியும், பயந்துவிடாதீர்கள். புழுதி பறக்கும்போது குழியை விட்டுப் போனவன் யாரும் தண்ணீரைப் பார்த்ததில்லை. கடைசி விரல் வரும் வரைக்கும் என்னோடு இருங்கள்.