உப்புக் கிணற்றுக் கூழ்

சுனாமிக்கு அடுத்த கோடையில், மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்குக் கூழ் விற்ற அம்மாள், கடல் புகுந்த கிணற்றின் தண்ணீரிலேயே கூழைக் கரைத்தார். கொஞ்சம் கரித்தது. உப்பில் எதுவும் கெடாது என்பது அளத்துக்காரர்களின் அசையாத நம்பிக்கை. நாலு புத்தகம் படித்த நானும் அதை ஆமோதித்து இரண்டு சொம்பு குடித்தேன். மறுநாள் உப்பு வாரும் பலகைகள் பாத்தியில் கிடந்தன. நாங்கள் வயிற்றுப்போக்கோடு கருவேலம் புதருக்குள் கிடந்தோம்.

"இது என்னா ஊறுகாயா? இந்த உப்புல கிருமி சொகமா இருக்கும். தண்ணிய காய்ச்சி கரைங்க," என்றார் பார்க்க வந்த நர்ஸம்மா.

அப்படியே காய்ச்சி, ஆறவைத்துக் கரைத்துக் கொண்டுவந்தார் கூழ்க்காரம்மாள். ஒருவரும் கிட்டே போகவில்லை. அவருக்கோ அந்தப் பானைதான் பிழைப்பு.

"ஏம்பா, படிச்சவரு மொதல்ல குடிக்கட்டும்," என்றான் ஒருவன். "நாளைக்கி அவரு வேலைக்கி வந்தா நாம குடிக்கலாம்."

"வரலன்னா?" என்றேன்.

"மாலையோட நாங்க வர்றோம்ங்க."

குடித்தேன். மறுநாள் நான் அளத்தில் நிமிர்ந்து நிற்பதைக் கண்டதும், யாரும் நலம் விசாரிக்கவில்லை. நேராகப் பானைக்கு நடந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே காலிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.