லூசில் சித்தியின் வண்டி நின்றுபோன வீடுகள்

லூசில் சித்தி வண்டியைக் கிளப்புவதற்கு முன் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி நிறுத்துவார். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். அவற்றை இடமிருந்து வலமாக, உதடு அசைய, விரல் வைத்து எண்ணுவார். கையுறையின் நுனி ஒவ்வொரு விளக்கின்மேலும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு கணம் நனையும். ஏழு வரவேண்டும். ஆறுதான் வந்தது என்றால் டேஷ்போர்டின் அடியில் விரல் முட்டியால் ஒரு தட்டு. ஏழாவது விளக்கு தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் வரும். "ம், எல்லாரும் இருக்காங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சாவியை மீதிக்குத் திருப்புவார்.

தபால் நிலையத்தின் பின்வாசல் கண்ணாடி வழியாக இதை மூன்று குளிர்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கடிதம் பிரிப்பது என் வேலை. சித்தி தபால் போடும் தடத்தில், வீடுகளுக்கு முன்னால் சாலையோரம் நிற்கும் முன்னூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகளுக்கான கடிதங்களும் முதலில் என் கையைத் தாண்டித்தான் அவர் கைக்குப் போகும். சித்தி என்று நான் சொல்வது பெரிய விஷயமில்லை. எங்கள் பள்ளத்தாக்கில், கனடாவைப் பிரிக்கும் ஆற்றுக்கு இந்த அமெரிக்கக் கரையில் பிரெஞ்சுப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சித்தியோ மாமாவோதான்.

சித்தி உருளைக்கிழங்குப் பண்ணையில் ஒன்பது பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். கிழங்கு தோண்டும் மாதம் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். அந்த விடுமுறையில்தான் எட்டு வயதில் டிராக்டர் ஓட்டக் கற்றாராம். கணவர் நார்மன் தூரதேச லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார், இரண்டு நாள் தூங்குவார், போவார். சித்தி இருபத்து மூன்று வருஷமாகத் தபால் போடுகிறார். தினமும் அறுபத்தோரு மைல். கிராமத் தடத்தில் தபால்காரர்தான் சொந்த வண்டி கொண்டுவர வேண்டும். அவருடையது பத்தொன்பது வயதான நீளமான ஸ்டேஷன் வேகன். முன்னால் ஒரே நீள இருக்கை. கூரைமேல், பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க ஒரு மஞ்சள் சுழல்விளக்கு. பெட்டிகள் சாலையின் வலது ஓரத்தில். ஸ்டியரிங்கோ இடது பக்கம். அதனால் சித்தி வலது ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது காலை நீட்டி பெடல்களை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கின் ஓரத்தைப் பிடித்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே அனுப்புவார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஆளில்லாத வண்டி ஒன்று பக்கவாட்டில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

அந்த வண்டி டிசம்பரில் நிற்க ஆரம்பித்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை. ஒரு பெட்டிமுன் நிறுத்தி, கடிதம் போடும் நேரத்தில், சத்தமே இல்லாமல் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். விளக்குகள் எரியும், ரேடியோ பாடும், இன்ஜின் மட்டும் செத்திருக்கும். சில நாள் மறுபடி சாவி திருப்பியதும் உயிர் வரும். சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. அன்று சித்தி திரும்பி வரும்போது தபால் நிலையத்தை மூடியிருந்தோம். நான் மட்டும் காத்திருந்தேன். அவர் புருவத்தில் பனி உட்கார்ந்திருந்தது.

வண்டியைப் பார்ப்பவர் அடெலார். நார்மனின் தம்பி, சித்திக்குக் கொழுந்தன். சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு வண்டி நிற்கும் ஷெட் அவருடையது. முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு டைனமோ. பிறகு கையளவு கறுப்புப் பெட்டி ஒன்று. ஒவ்வொரு தடவையும் மாற்றிவிட்டு, தானே முழுத் தடமும் ஓட்டிப் பார்ப்பார். அறுபத்தோரு மைல், ஒரு விக்கல்கூட இருக்காது. வந்து சாவியைத் தூக்கிப் போடுவார்.

"அண்ணி, வண்டில ஒண்ணுமில்ல. அதுக்கு உங்களைத்தான் பிடிக்கல."

"உங்க அண்ணனுக்கும் அதே வியாதிதான். அதையும் சேர்த்துப் பாரு."

"அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வர்றதில்ல அண்ணி."

மறுநாள் சித்தி போவார். வண்டி நிற்கும்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெட்ரோலில் தண்ணீர். எலி கூடு கட்டியிருக்கும். மின்கம்பிக்கு அடியில் நின்றால் அப்படித்தான். காலையில் கஃபேயில் பக்வீட் தானிய அப்பத்துக்கு வெல்லப்பாகு ஊற்றிக்கொண்டே ஒருவர், வண்டியை ஒரு முறை ஆற்றைத் தாண்டி கனடாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் சரியாகிவிடும் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் போஸ்ட்மாஸ்டர் கோரிவோ சித்தியை உள்ளே கூப்பிட்டார். கதவை மூடவில்லை.

"லூசில், மூணு வாரத்துல அஞ்சு நாள் லேட். ஒரு நாள் பாதித் தபால் திரும்பி வந்திருக்கு. மேலேர்ந்து என்னைக் கேக்கறாங்க."

"வண்டிதான் சார்."

"வண்டியும் உங்க பொறுப்புதானே? வர்ற வாரம் இன்னொரு தடவை நின்னுச்சுன்னா தடத்தை மாத்தி விடச் சொல்லிட்டாங்க. பக்கத்து டவுன்ல ஆள் தயாரா இருக்கான், புது வண்டியோட. இல்லேன்னா நீங்க வேற வண்டி வாங்குங்க."

"இப்ப வர்ற வண்டி எதுலயும் முன்னாடி நீள சீட்டு கிடையாது. நடுவுல காபி வைக்கக் குழி வச்சிருக்கான். நான் அந்தக் குழியில உக்காந்தா ஓட்டறது?"

கோரிவோ சிரிக்கவில்லை. சித்தி வெளியே வந்து, கடிதம் அடுக்கும் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

வண்டி நிற்கும் இடங்களை எல்லாம் அவர் முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பின் பின்புறம் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். பதினோரு வீடுகள். நான் அதை ஒரு தாளில் எழுதி, கடிதம் பிரிக்கும் அலமாரியில் ஒட்டிக்கொண்டேன். ஏற்றமா, இறக்கமா? இல்லை, இரண்டும் இருந்தன. மின்கம்பி? நான்கு வீடுகளில் பக்கத்தில் கம்பமே கிடையாது. பெயர்களின் முதல் எழுத்துகளைக்கூடச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பதில் கையில் வந்தது. சனிக்கிழமை, மாதத்தின் முதல் நாள். மாத்திரைகள் வரும் பழுப்பு நிறப் பொட்டலங்களை அலமாரியின் ஒவ்வொரு அறைக்குள்ளும் தள்ளிக்கொண்டிருந்தபோது, அந்தப் பதினோரு பெயருக்கும் பொட்டலம் இருந்தது. கண்ணுக்கு முன் கை அறிந்துகொண்டது.

"சித்தி, இந்தப் பதினொண்ணும் தனியா இருக்கற வயசானவங்க வீடு" என்றேன்.

"அதுக்கு? கிழடுகளைப் பார்த்தா வண்டிக்கு மயக்கம் வருதா?"

எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை. ஆனால் அடெலாரிடம் சித்தி இதைச் சொல்லியிருக்கிறார். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் ஓட்டினா நிக்காது. அப்ப நீங்க ஓட்டணும், நான் பார்க்கணும்" என்றாராம். தபால் இருக்கும் வண்டியில் வேறு ஆள் ஏறக்கூடாது என்பது சட்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, காலி வண்டியில். வரிசை தெரிந்தவன் என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். சித்தி சர்ச்சுப் பாவாடைமேலேயே பஞ்சு அடைத்த பனிக்கால்சட்டையை இழுத்து மாட்டியிருந்தார். அடெலார் பின்சீட்டில் என் பக்கத்தில். இன்ஜினுக்குப் போகும் மின்சாரத்திலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, அதன் முனையில் ஒரு சின்ன பல்பைக் கட்டி, மடியில் வைத்திருந்தார்.

"இது அணைஞ்சா மின்சாரம் போகலைன்னு அர்த்தம். எரிஞ்சுக்கிட்டே வண்டி நின்னா பெட்ரோல்தான் கோளாறு. புத்தகத்துல போட்டிருக்க மாட்டான், கேட்டுக்கோ" என்றார் என்னிடம்.

பதினொன்றில் முதல் வீடு. சித்தி நிறுத்தினார். பல்பு எரிந்தது. கிளம்பினார். இரண்டாவது வீடு, மூன்றாவது. ஆறு வீடு போயும் ஒன்றும் நடக்கவில்லை.

"நான் சொல்லல? அதுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு" என்றார் அடெலார்.

சித்தி வண்டியை அடுத்த வீட்டை நோக்கி உருட்டினார். நாளைக் காலையில் தட்டுகளோடு கிளம்ப வேண்டும்.

எனக்கு ஒன்று உறுத்தியது. சொல்லலாமா என்று ஒரு மைல் யோசித்தேன். "சித்தி, நீங்க பெட்டியைத் திறக்கவே இல்லையே."

"தபாலில்லாம எதுக்குடா திறக்கணும்?"

"எதையாவது போடுங்க அண்ணி. இந்தாங்க, சர்ச்சுல கொடுத்த பூசைத் தாள்."

"ஸ்டாம்ப் ஒட்டாததைப் பெட்டில போட்டா அபராதம் தெரியுமா? இருபத்து மூணு வருஷத்துல செஞ்சதில்ல."

"சரி தாயே, சும்மா திறந்து மூடுங்க. அதுக்கு அபராதம் இருக்கா?"

ஏழாவது வீடு திருமதி தெரியோவுடையது. எண்பத்து நான்கு வயது. பனி தள்ளும் லாரி சாலையோரத்தில் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போயிருந்த பனிச்சுவர் அப்படியே இருந்தது. பெட்டி அதற்கு அப்பால், வாய் மட்டும் தெரிய. சித்தி ஜன்னலை இறக்கி, தோள்வரை வெளியே போய், பனிச்சுவரின்மேல் வயிற்றை அழுத்தி, கையை நீட்டி மூடியைப் பிடித்தார்.

பல்பு அணைந்தது. இன்ஜின் நின்றது.

"அசையாதீங்க!" என்று அடெலார் கத்தினார்.

"என்னடா?"

"அப்படியே இருங்க அண்ணி! மூச்சு மட்டும் விடுங்க!"

சித்தி பாதி வெளியே, பாதி உள்ளே. உள்ளே இருந்த பாதியை அப்போதுதான் பார்த்தோம். உடம்பு வெளியே நீளும்போது, பிரேக்கில் இருக்கும் இடது கால் மடங்கி, முட்டி மேலே எழும்புகிறது. பஞ்சு அடைத்த பருத்த முட்டி டேஷ்போர்டின் அடியில் தொங்கும் வயர்க் கட்டைப் போய் முட்டித் தூக்கியிருந்தது. பனி வெட்டிவைத்த வீடுகளில் இவ்வளவு நீள வேண்டியதில்லை. வெட்ட ஆளில்லாத வீடுகள் பதினொன்று. டிரைவர் பக்கம் ஒழுங்காக உட்கார்ந்து ஓட்டிய அடெலாரின் முட்டி அந்தப் பக்கம் போனதே கிடையாது.

அவர் முன்சீட்டின்மேல் குப்புற விழுந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கையை உள்ளே விட்டார்.

வீட்டுக் கதவு திறந்தது. திருமதி தெரியோ ஏப்ரனோடு வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமைகூடவா தபால் போடறாங்க? ஏன் லூசில், சிக்கிட்டியா?"

"இல்லக்கா, சும்மா பார்க்க வந்தேன்."

"இப்படியா வருவாங்க? உள்ள வா, சூப் இருக்கு. பின்னாடி யாரு, கால் மட்டும் தெரியுது?"

"என் கொழுந்தன்கா. எதையோ தேடறான்."

"கிடைச்சுதான்னு கேளு."

கிடைத்தது. ஊதா நிற வயர் ஒன்று. வெளி உறை முழுசாக இருந்தது. விரலால் மடக்கினால் ஓர் இடத்தில் மட்டும் ஈரத்துணிபோல் துவண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. நுனிகள் தொட்டுக்கொண்டிருந்தால் ஓடும். முட்டி தள்ளி விலக்கிவிட்டால் நிற்கும். திரும்ப எப்போது தொட்டுக்கொள்ளும் என்பது அவற்றின் விருப்பம். அடெலாரின் கை அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"பழைய வண்டி அண்ணி. வயசாச்சு, அவ்ளோதான்."

திருமதி தெரியோவின் வாசலிலேயே அறுந்த இடத்தை வெட்டி, புது வயர் கொடுத்து, கட்டு முழுவதையும் மேலே தூக்கிக் கட்டினார். சித்தி மறுபடி பனிச்சுவரின்மேல் படுத்து மூடியைத் திறந்து மூடினார். நாலு தடவை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு சூப் குடித்தோம். அடெலார் வழக்கமில்லாத அமைதியோடு ரொட்டியைப் பிய்த்தார். சித்தி அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பெட்டிமுன் பனி அகற்றாதவர்களுக்குப் போட என்று ஒரு மஞ்சள் அட்டை உண்டு. அதைப் போட்டுவிட்டுத் தபாலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம், விதி அனுமதிக்கிறது. சித்தியின் தடத்துக்கான அட்டைக் கட்டில் ரப்பர் வளையம்கூடப் பிரிக்கப்படவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, "படிச்சுட்டு அவங்க என்ன, எழுந்து மண்வெட்டி எடுக்கப் போறாங்களா?" என்றார்.

திங்கட்கிழமை வண்டி நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் நிற்கவில்லை. தடம் அவரிடமே இருந்தது. ஆனால் கோரிவோ மேலே பதில் எழுத வேண்டியிருந்தது. "காரணம்?" என்று கேட்டார். "வண்டியை நான் சரியாப் பார்த்துக்கல" என்றார் சித்தி. பராமரிப்புக் குறைவு என்று அவருடைய கோப்பில் ஒரு தாள் ஏறியது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று புரியவில்லை. கேட்கும் துணிச்சலும் எனக்கு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஓய்வுபெற்றார். அந்த வண்டிக்குக் கடைசிவரை அடெலார் ஷெட்டில்தான் வேலை பார்த்தார்கள். பழைய இரும்புக்குப் போவதற்கு முந்தின நாள், கூரைமேலிருந்த மஞ்சள் சுழல்விளக்கைக் கழற்ற நார்மனுக்கு நான் உதவினேன். விளக்கின் வயரைப் பின்தொடர்ந்து டேஷ்போர்டின் அடிவரை போனபோது நார்மன் சொன்னார். அந்த விளக்கை அடெலார் மாட்டியது, வண்டி நிற்க ஆரம்பிப்பதற்கு முந்தின நவம்பரில். வயர் நுழைக்க இடம் வேண்டி, வயர்க் கட்டைத் தூக்கிப் பிடித்திருந்த பட்டையை அடெலார்தான் வெட்டினார். திரும்பக் கட்ட மறந்துவிட்டார். இதை அடெலார் யாரிடமும் சொன்னதில்லை. சித்திக்கு மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தது, ஓய்வுபெற்ற பிறகுதான் நார்மனிடம் சொன்னார்: அடெலாரின் கை நின்ற இடத்தில், வெட்டிய பட்டையின் முனை சித்தியின் முட்டியில் குத்திக்கொண்டிருந்ததாம்.