காவலுக்கு ஒண்டு, கொடிக்கு ஒண்டு

திரேசம்மா மிஸ்ஸி காலமான செய்தி குருக்கள்மடத்துத் துறையில் என்னை வந்து சேர்ந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டுத் தோணியால் இறங்கிக்கொண்டிருந்தேன். கரையில் நின்ற துறைக்காரர், "பொன்னம்மா மிஸ்ஸி, உங்கட பெரியவ மோசம் போயிட்டாவாம்" என்றார். சேலை நனைவது தெரியாமல் தண்ணீருக்குள்ளேயே நின்றேன். அந்த மனுசியை ஒரு சாதாரணக் காய்ச்சலா கொண்டுபோவது என்று கடவுளோடு சண்டை பிடித்தேன். சிலுவை போட்ட வேதக்காரி அப்படிச் சண்டை பிடிக்கக்கூடாது. ஆனாலும் பிடித்தேன்.

அவரை அறிந்து, அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய குரலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆசுப்பத்திரியின் ஒரு முனையில் அவர் தும்மினால் மறுமுனையில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும் என்று கேலி செய்வோம். பிரசவ வாட்டில் நானும் அவரும் தாதிகளாகப் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். சேர்ந்து சிரித்ததற்குக் குறையாமல் சண்டையும் போட்டோம்.

அந்த நாளில் ஊர்ப் பிரசவமெல்லாம் ஊர் மருத்துவிச்சிகளின் கையில்தான். பிறந்து சில நாளிலேயே வாய் இறுகி, பால் இழுக்க முடியாமல், வலிப்புக் கண்டு குழந்தைகள் செத்தன. பேய் பார்த்த குறை என்றார்கள் சனங்கள். தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் வெட்டுவதுதான் காரணம் என்றார் எங்கள் பெரிய டாக்குத்தர். மருத்துவிச்சிகளையே தடுக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. திரேசம்மா விடவில்லை. "அவங்களத் தடுத்தா பிள்ள பிறக்காம நிக்குமா ஐயா? கூப்பிட்டுப் படிப்பிப்பம்" என்றார்.

அப்படித்தான் வகுப்புத் தொடங்கியது. படிப்பிக்கப் படமும் இல்லை, பொம்மையும் இல்லை. ஒரு பனையோலைக் கடகத்தின் அடியை வெட்டி அதைத் தாயின் இடுப்பாக்கினார் திரேசம்மா. காத்தான்குடி மருத்துவிச்சி சுலைஹா உம்மா கைத்தறித் துணியில் இலவம்பஞ்சை அடைத்து, கொடியோடு ஒரு பிள்ளை தைத்துக் கொண்டுவந்தார். டாக்குத்தர் எட்டிப் பார்த்து, "என்ன மிஸ்ஸி, பொம்மை விளையாட்டா?" என்றார். "ஓம் ஐயா, வாங்க, உங்களுக்கும் ஒரு பிள்ள தாறம்" என்று திரேசம்மா சொல்ல, சுலைஹா உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த கண்ணம்மை வகுப்பில் எல்லோரையும்விடக் கவனமானவர். வகுப்புக்கு வருவதற்கு முன்னரே தானே பிரசவம் பார்த்த தன் மகளின் தலைப்பிள்ளையை அந்த வலிப்புக்குக் கொடுத்திருந்தார். வகுப்பில் படித்தபடி கத்தியை அவித்துத்தான் இரண்டாவது பிள்ளையின் கொடியை வெட்டினார். அதுவும் அப்படியே போயிற்று. அவர் வகுப்புக்கு வந்து கத்தியை எங்கள் முன்னால் போட்டார். "அவிச்ச கத்தி மிஸ்ஸி. பொய் சொல்லயில்ல. பிள்ள செத்துப்போச்சு" என்றார். சேதி கேட்ட டாக்குத்தர் வகுப்பை மூடச் சொன்னார். இன்னும் ஒரேயொரு நாள் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார் திரேசம்மா.

அன்று அவர் படிப்பிக்கவில்லை. கடகத்தைப் பாயில் வைத்து, "அண்டைக்குச் செய்த மாதிரியே செய்து காட்டுங்க கண்ணம்மை. ஒண்டையும் விடவேணாம்" என்றார். கண்ணம்மை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கத்தியை அவித்தார். "மறுகா?" என்று அடுத்ததைக் கேட்டார் திரேசம்மா. கத்தியைச் சுத்தமாக வெளியே எடுத்தார். "மறுகா?" கண்ணம்மை பாயின் ஓரத்தைத் தூக்கி, கத்தியை அதற்குக் கீழே செருகிவிட்டு, பிள்ளை வரும்வரை காத்திருப்பவர்போல் உட்கார்ந்தார்.

சுற்றியிருந்த மருத்துவிச்சிகள் ஒருவருக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை. "இரும்பு வைக்காம தாய்க்காரிய விடுறதா? பேய் அண்டாதா?" என்றார் கண்ணம்மை. "எங்கட ஊரிலயும் இதுதான் மிஸ்ஸி. ஓதின தண்ணியும் இரிக்கும், இரும்பும் இரிக்கும்" என்றார் சுலைஹா உம்மா. சாணி மெழுகிய நிலம், அதன்மேல் பாய், இரண்டுக்கும் நடுவில் அவித்த கத்தி! கொதிக்க வைக்கச் சொன்னோமே தவிர, பிள்ளை பிறக்கும்வரை அந்தக் கத்தி எங்கே இருக்கும் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் வரும் என எதிர்பார்த்தேன். வாய்வரை எனக்கே வந்தது. திரேசம்மா சொன்னது வேறு. "இரும்ப எடுக்கவேணாம். பாக்குவெட்டிய வையுங்க, அது காவல் இரிக்கட்டும். கத்தி அவிச்ச சட்டிக்குள்ளயே கிடக்கட்டும். காவலுக்கு ஒண்டு, கொடிக்கு ஒண்டு." உடனே சுலைஹா உம்மா, "அப்ப சட்டிய மூடித்தான் வைக்கணும். மூடுறதுக்கு அவிச்சு எடுக்கிற மாதிரித் துணி நான் தைச்சுத் தாறன்" என்றார். அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணம்மையின் முகம் மாறிவிட்டது.

"அப்ப என்ட மகள்ற ரெண்டும் என்ட கையாலயா போச்சு?"

இல்லை என்று சொல்லத்தான் யாருக்கும் மனம் வரும். திரேசம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கத்தியாலதான் போச்சு கண்ணம்மை. ரெண்டாவதுக்குப் பிழை எங்கடயும்தான். உங்களுக்குச் சொல்லித் தந்தம், உங்களிட்டக் கேக்கயில்ல" என்றார். அதன்பிறகு அந்த அறையில் எல்லோரும் அழுதோம்.

அந்த மகள் மறுபடியும் கர்ப்பமானாள். டாக்குத்தர் அவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். அவள் படுவான்கரையை விட்டு வரமாட்டேன் என்றாள். கண்ணம்மையோ, "இனி நான் தொடமாட்டன்" என்று சத்தியம் செய்தார். திரேசம்மாவும் நானும் தோணி ஏறிப் போனோம். வலி முற்றிய நேரத்தில், "நீங்க வாங்க மிஸ்ஸி" என்று கண்ணம்மை கெஞ்சினார். "அந்தரம் ஆபத்தெண்டா வருவன். இப்ப உங்கட கைதான் வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரேசம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாயின் கீழே பாக்குவெட்டி இருந்தது. மூடிய சட்டியிலிருந்து கத்தியை எடுத்துக் கண்ணம்மைதான் கொடியை வெட்டினார். வலிப்பு வருமோ என்று பயந்த நாட்கள் கழியும்வரை நாங்கள் அந்த ஊரிலேயே தங்கினோம். பிள்ளை ஊர் கேட்கக் கத்தியது, பால் குடித்தது.

வகுப்பு மூடப்படவில்லை. அடுத்த முறை பெரிய டாக்குத்தரே வந்து பாயில் உட்கார்ந்து, மருத்துவிச்சிகளிடம் "மறுகா?" என்று கேட்கப் பழகினார். ஆசுப்பத்திரியில் பயிலும் தாதிப் பிள்ளைகளும் ஊர் மருத்துவிச்சிகளும் இன்று ஒரே கடகத்தைச் சுற்றி இருந்துதான் படிக்கிறார்கள்.

திரேசம்மாவின் குடையை அவருடைய தங்கை என்னிடம் தந்தார். நல்ல குடை; மழைக்கு உதவும். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது அல்ல. போன கிழமை, அவர் போனபின் வந்த முதல் பிரசவத்துக்குப் பயிற்சிக்காரி ஒருத்தியைக் கூட்டிப்போனேன். பிள்ளையின் தலை தெரிந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வாங்க மிஸ்ஸி" என்றாள். என் கை தானாகவே எழுந்தது. அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளையை ஏந்தியது அவளுடைய கைதான்.