கூரை பார்க்க வந்தவருக்காகத் துப்புரவாக்கிய வீடு

"விடை சரியெண்டால் காணும்தானே சேர், செய்கை ஏன் காட்டவேணும்?" என்று முன்பு நான் கணக்குப் படிப்பித்த வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "நீதான் செய்தாய் எண்டு நான் என்னெண்டு நம்புறது?" என்றேன். வகுப்பே சிரித்தது.

எங்கள் கூரைக்கான கோரிக்கையை வீட்டுக் காப்புறுதிக் கொம்பனி இன்று நிராகரித்துவிட்டது.

போன மாதக் காற்றில், கூரையில் ஓடுபோல் பதித்திருந்த சிங்கிள்ஸ் பிய்ந்து வளவெல்லாம் கிடந்தன. மழை இறங்கி மேல்மாடி சீலிங் கறையாகிவிட்டது. கொம்பனி ஆள் பார்க்க வருகிறார் என்றதும், வீட்டுக்கு ஆள் வந்தால் நாம் வழமையாகச் செய்வதையே செய்தோம். விழுந்ததை எல்லாம் அள்ளி எறிந்தோம். சீலிங்குக்குப் பெயின்ற் அடித்தோம். மச்சான் மேலே ஏறி ஓட்டையை அடைத்தார். வந்தவருக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம்.

வந்தவர் தமிழ்ப் பிள்ளைதான். இன்று அவரே தொலைபேசியில் சொன்னார்:

"அங்கிள், கூரை பழசு. பழசானதுக்கு பொலிசி தராது. காத்துதான் பிச்சதெண்டு காட்ட ஒண்டுமில்லையே."

"தம்பி, நாங்கள் பொய் சொல்லுவமே?"

"நான் நம்புறன் அங்கிள். கொம்பனிக்குப் படம் வேணும்."

பக்கத்தில் நின்ற மனைவி, "வடை சாட்சி சொல்லாதாமோ, கேளுங்கோ" என்றார்.

இத்தனை வருடமும் மாதாமாதம் காசு எடுத்தவர்கள் ஒருநாளும் படம் கேட்கவில்லை. இனிப் பனி கொட்டத் தொடங்கமுன் முழுக் கூரையையும் எங்கள் கைக்காசில்தான் மாற்றவேண்டும்.

இப்படித் துப்புரவாக்கிக் கெட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் கீழே எழுதுங்கள், ஆறுதலாக இருக்கும். மற்றவர்கள் இப்போதே வெளியே போய், உங்கள் கூரையை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.